உப்பாற்றங்கரை வளவு: ஜெப்ரி பாவாவும் அவர் கட்டி முடிக்காத வீடும்

எங்கள் பக்கத்தில் பாவா என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் நாட்களில் றபான் தட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பாவாமார் என்போம். மரியாதைக்கும் பாவா, பிள்ளைக்கு வைக்கிற பெயரிலும் பாவா. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், விரிவுரை மண்டபத் திரையில் பாராளுமன்றக் கட்டடத்தின் படத்தைக் காட்டி, இதைக் கட்டியவர் ஜெப்ரி பாவா என்று ஆசிரியர் சொன்னார். பின்வரிசையில் இருந்த நாங்கள் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காத்தான்குடியோ அக்கரைப்பற்றோ என்று ஒருவன் மெல்லக் கேட்டான்.

இரண்டுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி முழுப் பிழையும் இல்லை. ஜெப்ரியின் தந்தைவழிப் பாட்டனார் அகமது பாவா ஒரு முஸ்லிம் சட்டத்தரணி. அவர் மணந்தது ஜோர்ஜினா ஆப்லெட் என்ற ஆங்கிலேயப் பெண்ணை. அவர்களுடைய மகன் பெஞ்சமின் வில்லியம் பாவா கொழும்பில் பேரும் பணமும் சேர்த்த வழக்கறிஞர். அவர் மணந்த பேர்தா ஷ்ரேடர் பறங்கிக் குடும்பத்துப் பெண். ஜேர்மன், ஸ்கொட்லாந்து, சிங்கள இரத்தங்கள் கலந்தவர். 1909-இல் மூத்தவர் பெவிஸும், பத்து வருடம் கழித்து 1919 ஜூலை 23-இல் இளையவர் ஜெப்ரியும் பிறந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் பள்ளிவாசலோடு இருந்த தொடர்பு போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இந்தக் கலப்பை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய பெயரைக் கேட்டதும் அவர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கப் பழகிய நாட்டில் வாழ்கிறோம். 1990-க்குப் பிறகு எங்கள் கரையில் பெயர் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விசயமாகவே இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியவர்களுக்கு அது தெரியும். ஜெப்ரி பாவாவின் பெயர் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. அவருடைய வர்க்கத்துக்கு அந்தக் காலத்தில் பெட்டி தேவைப்படவுமில்லை. வசதி இருந்தால் பெயர் பாரமாவதில்லை.

தந்தை 1923-இல் இறந்தபோது ஜெப்ரிக்கு நான்கு வயது. தாயும் தாயின் சகோதரிகளும் வளர்த்தார்கள். கொழும்பு றோயல் கல்லூரி, பிறகு 1938-இல் கேம்பிறிட்ஜில் சென் கத்தரின் கல்லூரி. அங்கே ஆங்கில இலக்கியம் படித்தார். அதன்பின் இலண்டனில் சட்டம். 1944-இல் பாரிஸ்டர் ஆனார். தகப்பன் செய்த தொழில் மகனுக்கும் என்று எழுதிவைத்ததுபோல் எல்லாம் நடந்தது. போர் முடிந்து நாடு திரும்பிக் கொழும்பில் கொஞ்சக்காலம் சட்டத்தொழில் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. 1946-இல் தாயும் இறந்தார். கையில் பணம் இருந்தது, கட்டிப்போட ஆளில்லை. கிழக்காசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று இரண்டு வருடமளவில் சுற்றினார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்தார். அது கைகூடாமல் போனது.

கைகூடியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

1948-இல் திரும்பி வந்தவர், பென்தோட்டைக்கு அருகே, தெதுவ வாவிக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நிலத்தை வாங்கினார். கொழும்பிலிருந்து தெற்கே 60 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாத் தோட்டம், ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர் தோட்டம். அவர் வாங்கும்போது கவனிப்பாரற்றுக் கிடந்த 25 ஏக்கர், நடுவில் அழகென்று சொல்ல எதுவுமில்லாத ஒரு பங்களா. அந்த வளவுக்கு லுணுகங்கை என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கங்கை என்றால் ஆறு. நம் மொழியில் சொன்னால் உப்பாறு. கிழக்குக் கரையில் உப்பாறு என்று பெயருள்ள இடத்தைக் கடந்து போகாதவர்கள் குறைவு. கடலும் களப்பும் கலக்கிற நிலத்தில் பெயர்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதே 1948-இல்தான் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டமொன்றை வாங்க ஒருவருக்கு உறுதியில் ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்த ஆண்டில், தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த மலையக மக்கள் நாடற்றவர்களானார்கள். பாவாவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அவரைப் பற்றி எழுதுகிற அழகான புத்தகங்களில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை. இங்கே வரட்டும்.

இத்தாலியில் பார்த்த தோட்டங்களை வெப்ப மண்டலத்தில் செய்து பார்ப்பதுதான் அவருடைய ஆசை. மரங்களை வெட்டினார், சிலவற்றைக் காப்பாற்றினார். வீட்டின் பழைய முன்வாசலைப் பின்வாசலாக்கினார். கார் வந்து நிற்கும் பாதையைத் திருப்பி, வருகிறவர் மலைச்சரிவில் ஏறி, எதிர்பாராத ஒரு மூலையில் வீட்டைக் காணும்படி செய்தார். தெற்கே இருந்த சிறு மலை வீட்டிலிருந்து வாவியை மறைத்தது. அதன் முகட்டை வெட்டித் தாழ்த்தினார். இப்போது விறாந்தையில் நின்று பார்த்தால் புல்வெளி இறங்கி, மலை ஏறி, அதன் உச்சியில் மரத்தடியில் ஒரு பெரிய சாடி தெரியும். அதற்கப்பால் தண்ணீர். அதற்கும் அப்பால், வெகுதூரத்தில், ஒரு விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். அந்த மலைக்குக் கறுவா மலை என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால் வீட்டுக்கும் அந்த மலைக்கும் நடுவே ஊர்ப் பாதை ஒன்று ஓடுகிறது. ஊர்ச் சனம் சைக்கிளில் போகிற பாதை. அதை மூடவில்லை. பாதை பள்ளத்தில் ஓடுவதால், விறாந்தையில் இருப்பவருக்கு அது தெரியாது. பாதையில் போகிறவருக்கும் வீடு தெரியாது. பழைய ஆங்கிலேய நாட்டுப்புறத் தோட்டங்களில் ஆடுமாடு வராமல் தடுக்கச் செய்த தந்திரம் அது. கண்ணுக்கு இரண்டு நிலமும் ஒன்றாகத் தெரியும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஊர் தெரியக்கூடாது என்பதும் அந்த அழகின் ஒரு பகுதி என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

வீட்டின் வடக்கு முற்றத்தில் ஒரு அரலியா மரம். அதன் கொப்புகளில் பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, பல வருடங்களாக அவற்றை வளைத்து வளைத்துப் படரவிட்டார்கள். இன்று அதைப் பார்ப்பவர்கள் மரம் தானாகவே அப்படி வளர்ந்தது என்றுதான் நினைப்பார்கள். வளவில் அங்கங்கே மணிகள் தொங்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு ஓசை. எந்த மணி அடிக்கிறது என்று கேட்டு, ஐயா எந்த மூலையில் இருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை வேலையாட்கள் அறிவார்கள். இந்த மணிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஓசையைத்தான் வியக்கிறார்கள். ஓடியவர்களின் கால்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. மலையை வெட்டியது, சரிவில் படிகட்டியது, வயலை வடிவாக்கியது எல்லாம் சுற்றியுள்ள கிராமத்து ஆண்களும் பெண்களும். அவர்களுக்கு இது ஐம்பது வருட வேலையாக அமைந்தது.

தோட்டம்தான் அவரைக் கட்டடக் கலைஞர் ஆக்கியது. மனதில் இருந்ததை மண்ணில் செய்யப் போனபோது தனக்குத் தொழில் தெரியாது என்பது தெரிந்தது. முப்பது வயதைக் கடந்த ஒரு பாரிஸ்டர், 1951-இல், கொழும்பில் எட்வர்ட்ஸ் ரீட் அன்ட் பெக் என்ற பழைய நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். மறுவருடமே ரீட் இறந்துவிட்டார். பாவா மீண்டும் இங்கிலாந்து போனார், தன்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது இளைய பிள்ளைகளோடு வாங்கில் இருந்து படித்தார். 1957-இல் தகுதி பெற்று நாடு திரும்பும்போது வயது 38. எங்கள் ஊரில் அந்த வயதில் ஆணுக்கு மகளின் கலியாண யோசனை தொடங்கிவிடும்.

அதன் பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை என்பதால் வேகமாகச் சொல்கிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் சில ஆண்டுகள் கூட்டாளியாக இருந்தார். 1960-களில் வீடுகள், பள்ளிக்கூடங்கள்; 1969-இல் பென்தோட்டைக் கடற்கரை ஹோட்டல்; 1970-இல் ஜப்பானில் ஒசாகா கண்காட்சியின் இலங்கைக் கூடம். ஓவியர் லக்கி சேனாநாயக்க, கைத்தறித் துணிக்குப் புதுநிறம் கொடுத்த பார்பரா சன்சோனி, பற்றிக் கலைஞர் ஏனா டி சில்வா, கட்டடக் கலைஞரும் ஓவியருமான இஸ்மத் ரஹீம் என்று ஒரு கூட்டம் அவரைச் சுற்றி இருந்தது. மருதமுனையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், கொழும்பின் விலையுயர்ந்த கடைகளில் கைத்தறிக்கு வந்த மரியாதை எங்கே தொடங்கியது என்று தேடினால் இந்தக் கூட்டத்தில் வந்து நிற்பார்கள். மரியாதையோடு வந்த விலை தறிகாரருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கணக்கு.

இரண்டு விசயங்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஒன்று கூரை. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் இறக்குமதிக் கட்டுப்பாடு. கண்ணாடி இல்லை, உருக்கு இல்லை. வெளிநாட்டுப் பாணியில் கட்ட நினைத்தவர்கள் திண்டாடினார்கள். பாவா கையில் கிடைத்ததைப் பார்த்தார். நாட்டு அரைவட்ட ஓடு அழகு, குளிர்ச்சி. ஆனால் அதை மட்டும் அடுக்கினால் பாரம், அசைந்தால் ஒழுக்கு. நெளிந்த சீமெந்துத் தகடு ஒழுகாது. ஆனால் அதன் கீழே பகலில் இருக்க முடியாது. அவருடைய ஆட்கள் தகட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளின்மேல் ஓட்டைப் படிய வைத்தார்கள். தகடு மழையைத் தடுத்தது, ஓடு வெயிலைத் தடுத்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. மேசன்மாரோடு பேசிப்பேசி வருகிற வகையான அறிவு. பிறகு நாடு முழுக்க அதைச் செய்தார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டிக்கொடுத்த பல வீடுகளில் தகடு மட்டும் வந்தது. ஓடு வரவில்லை. பங்குனி வெயிலில் அந்த வீடுகளுக்குள் மதியம் படுத்தவர்களுக்கு இந்தப் பந்தியின் அர்த்தம் முதுகால் புரியும்.

மற்றது முற்றம். 1960 தொடக்கம் 1962 வரை கொழும்பில் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீட்டில், சின்ன நகரத்துக் காணிக்குள் நடுமுற்றம் ஒன்றைத் திறந்துவிட்டார். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு கண்டவர்களுக்கும், காரைக்குடிப் பக்கத்து வீடுகளைக் கண்டவர்களுக்கும் அது புதுமையில்லை. ஆனால் கொழும்பின் பணக்காரர்கள் அப்போது வெள்ளைக்காரப் பங்களாவை நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சுவர், உள்ளே வானம், அதைச் சுற்றி விறாந்தை என்று ஒருவர் செய்து காட்டிய பிறகுதான் நம் பாட்டிமாரின் வீடு நாகரிகமானது.

இந்தக் கதையில் தமிழர் எங்கே என்று வாசகர் கேட்கக்கூடும். நிறுவனத்தின் நடுவிலேயே இருந்தார். 1967 முதல் இருபது வருடத்துக்கு மேல் பாவாவின் பங்காளியாக இருந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். பாவா கனவு காண்பார், கோடு கீறுவார், நேரத்தை மறப்பார். அது நிற்குமா, எவ்வளவு முடியும், எந்தத் திகதிக்குள் முடியும் என்பதெல்லாம் பூலோகசுந்தரத்தின் தலையில். அவர் இல்லாமல் அந்தப் பெரிய வேலைகள் எதுவும் எழும்பியிருக்காது என்பது துறையில் உள்ளவர்கள் ஒத்துக்கொள்கிற உண்மை. பெயர்ப்பலகையில் மட்டும் ஒரு பெயர் நிலைத்தது. மதுரையில் கோச்சடைப் பக்கம் மதுரா கோட்ஸ் ஆலையாருக்காக எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய கிளப்பும் அந்தக் காலத்து வேலைதான். பழைய கற்றூண்களையும் உள்ளூர்க் கல்லையும் வைத்துக் கட்டியது. அதுவும் இப்போது ஹோட்டல்.

1979-இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசு புதிய பாராளுமன்றத்தை பாவாவிடம் ஒப்படைத்தது. கோட்டையில் தியவன்னா சதுப்பு நிலத்தைத் தோண்டி நீர் நிரப்பி, நடுவில் தீவாக விட்ட மேட்டின்மேல் செப்புக் கூரைகளோடு கட்டடம் எழுந்தது. மூன்றே வருடம். 1982 ஏப்ரலில் திறந்தார்கள். ஒரு தமிழர் பொறியியல் பார்த்த, முஸ்லிம் பாட்டனின் பெயர் தாங்கிய ஒருவர் வரைந்த சபை. பதினைந்து மாதத்தில் கறுப்பு ஜூலை வந்தது. 1983 ஓகஸ்டில் அதே கூரையின் கீழ் ஆறாவது திருத்தம் நிறைவேறியது. பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். வடக்குக் கிழக்குத் தமிழரின் பெரும்பான்மைப் பிரதிநிதிகள் இல்லாத சபையாக, திறந்த மறுவருடமே அது ஆகிவிட்டது.

இதைப் பற்றி பாவா என்ன நினைத்தார்? அவர் அரசியல் பேசியவரல்லர், தன் கட்டடங்களைப் பற்றிக்கூட அதிகம் எழுதியவரல்லர். திருமணம் செய்யவில்லை, தன் சொந்த வாழ்வைப் பொதுவில் திறந்ததுமில்லை. பெரிய உருவம், பழைய றோல்ஸ் றோய்ஸ் கார், சுற்றி நண்பர்கள், சனிக்கிழமை வந்தால் லுணுகங்கை. நாடு எரிந்த வருடங்களிலும் அந்த வாராந்தப் பயணம் நடந்தது. எண்பதுகளில்தான் வளவில் புதிய சிறு கட்டடங்கள் அதிகம் எழுந்தன. இதை ஒரு குற்றச்சாட்டாக எழுத வந்தேன். எழுதும்போது கை தயங்குகிறது. ஷெல் விழுந்த மறுநாளும் எங்கள் ஊர்களில் பெண்கள் முற்றம் கூட்டினார்கள், பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வீடு என்று ஒன்று கையில் இருக்கும்வரை மனிதர் அதைத்தான் செய்வார்கள். வித்தியாசம், அவருடைய வீட்டில் ஷெல் விழவில்லை.

அண்ணன் பெவிஸின் கதை இங்கே அவசியம். லுணுகங்கைக்கு முன்பே, அதே பக்கத்தில், தகப்பன் விட்டுப்போன இறப்பர் தோட்டத்தை அவர் பூந்தோட்டம் ஆக்கியிருந்தார். ஒரு வழக்கின் கட்டணத்தில் வாங்கிய நிலம் என்பதால் தகப்பன் அதற்கு பிரீஃப் என்று பெயர் வைத்திருந்தார். தம்பிக்குத் தோட்ட ஆசை வந்ததற்கு அண்ணனின் வளவும் ஒரு காரணம். இருவருக்கும் உள்ளூரப் போட்டியும் இருந்தது. ஆறரை அடி உயர மனிதர் பெவிஸ், ஆளுநர்களுக்கு மெய்க்காவல் அதிகாரியாக இருந்தவர். 1992-இல் இறக்கும்போது அவருக்கும் பிள்ளைகள் இல்லை. தன் சொத்தைத் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கே பிரித்து எழுதிவிட்டுப் போனார். இன்றும் கட்டணம் கொடுத்து அந்தத் தோட்டத்தைப் பார்க்கலாம். இரண்டு சகோதரர்களில் எனக்குப் பிடித்தவர் யார் என்பது இப்போது வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

ஜெப்ரி வேறு வழியில் போனார். 1982-இலேயே தன் பெயரில் ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தார். 1990 அளவில் பழைய நிறுவனத்தை விட்டுவிலகி, வீட்டிலிருந்தே சில இளைஞர்களோடு வேலை செய்தார். தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஹோட்டலும் காலியில் கலங்கரை விளக்கம் என்ற பெயருள்ள ஹோட்டலும் எழுபது கடந்த பின் வந்தவை. 1998-இல் கடுமையான பக்கவாதம். பேச்சு போனது, அசைவு போனது. 2001-இல் இஸ்லாமிய உலகின் கட்டடக்கலைக்கென வழங்கப்படும் ஆகா கான் விருதின் தலைவர் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. வாழ்நாள் பணிக்கான அந்த விருதை அதற்கு முன் பெற்றவர்கள் எகிப்தின் ஹசன் பாத்தியும் ஈராக்கின் ரிபாத் சாதிர்ஜியும் மட்டுமே. பாட்டன் அகமது பாவாவின் உலகம் பேரனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கண்டுகொண்டது போலிருந்தது. விழா சிரியாவின் அலெப்போக் கோட்டையில் நடந்தது. போய் வாங்கும் நிலையில் பாவா இல்லை. பதினைந்து வருடத்துக்குள் அந்தக் கோட்டையும் அதைச் சுற்றிய பழைய நகரமும் போரில் என்ன ஆனது என்பது தெரிந்ததுதான்.

2003 மே 27-இல் இறந்தார். கறுவா மலையில், விறாந்தையிலிருந்து பார்த்தால் தெரியும் அந்த உச்சியில், உடலை எரித்தார்கள்.

பிறகு வீடு என்னவாகும்? உலகெங்கும் பெரிய நாட்டுப்புற வீடுகளின் கதை இந்த இடத்தில் ஒன்றுபோலத்தான் போகும். கூரை மாற்றப் பணம் வேண்டும். 25 ஏக்கரில் புல் ஒரு மழைக்கு முழங்கால் உயரம் வளரும். இங்கிலாந்தில் பிரபு வம்சத்தார் வாசலில் நுழைவுச்சீட்டு விற்றார்கள், ராஜஸ்தானில் அரண்மனைகள் ஹோட்டலாயின, காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. லுணுகங்கையும் அந்த வழியில் வந்தது. நிதியத்தின் பொறுப்பில், அவர் படுத்த அறை, விருந்தினருக்காகக் கட்டிய சிறு வீடுகள், ஓவியம் தொங்கவிட்ட கூடம் எல்லாம் தங்கும் அறைகளாயின. பகலில் கட்டணம் கொடுத்து, வழிகாட்டியோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். இரவில் தங்குவது எங்களைப் போன்ற சுதந்திர ஊடகவியலாளரின் மாத வருமானத்துக்கு ஒத்துவராது. மணிகள் இன்னும் தொங்குகின்றன.

வளவுக்குப் பின்னாளில் இன்னொரு வீடும் வந்து சேர்ந்தது. கொழும்பில் ஏனா டி சில்வாவின் வீடு இருந்த காணி கைமாறி, வீடு இடிபடவேண்டிய நிலை. 2009 அளவில் அதைக் கழற்றத் தொடங்கினார்கள். ஓடு, தூண், கதவு, முற்றத்துக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பட்டியல் எழுதி, லொறிகளில் ஏற்றி லுணுகங்கைக்குக் கொண்டுவந்து, பல வருடம் எடுத்து அதேபோல மீண்டும் பூட்டினார்கள். அதிலும் இப்போது விருந்தினர் தங்குகிறார்கள். அருமையான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2009-இல் வன்னியில் என்ன நடந்தது என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டின் கல்லுக்கெல்லாம் எண் இருக்கிறது. அங்கே போன உயிர்களுக்கு ஒத்துக்கொண்ட ஒரு எண் இன்றுவரை இல்லை.

கிழக்குக் கரைக்கு வருவோம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முஸ்லிம்களிடையே வீடு என்பது பெண்ணின் சொத்து. மகள் பிறந்ததும் தகப்பனுக்கு வீட்டுக் கவலை தொடங்கும். காணி வாங்கி, அத்திவாரம் போட்டு, வெளிநாட்டில் உழைத்து அனுப்பி, ஓடாவியையும் மேசனையும் வருடக்கணக்காகக் கூப்பிட்டு, கலியாணத்துக்கு முதல் வீட்டைக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். தாய்வழிக் குடிமுறையில் வந்த இந்தப் பழக்கம் இங்குள்ள தமிழரிடமும் உண்டு. சீதனத்தின் சுமையைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் ஒன்று: எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் உறுதியில் இருப்பது உம்மாவின் பெயர். வாரிசில்லாத வளவை நிதியம் காப்பாற்றியது. எங்கள் வீடுகளைக் காப்பாற்ற இருந்தது அந்த ஓர் உறுதித்தாள்தான்.

அது எவ்வளவு மெல்லியது என்பது 2004 டிசம்பர் 26 காலையில் தெரிந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் போகவில்லை. அதற்கு முன்பே, 1990-இல், வீட்டைப் பூட்டாமல் ஓடியவர்கள் இங்கே இரண்டு சமூகத்திலும் இருந்தார்கள். கடல் வந்தபோது உறுதிகளும் போயின. பிறகு கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றராக இருந்தது. இந்த வித்தியாசத்துக்கு யாரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. பின்னர் அது தளர்ந்தது. இதற்கிடையில் கரையில் ஹோட்டல்களுக்கு இருந்த இடம் குடிசைகளுக்கு இருக்கவில்லை என்ற பேச்சு, பொத்துவில் அறுகம்பைப் பக்கம் இன்றும் ஓயவில்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் சுனாமியால் வீடிழந்த குடும்பங்களுக்காக 500 வீடுகள் கட்டினார்கள். பாடசாலையும் மருத்துவமனையும் பள்ளிவாசலும் சேர்ந்த ஒரு முழுக் குடியேற்றம். யாருக்கு எந்த விகிதத்தில் கொடுப்பது என்பது இனப் பிரச்சினையாகி, வழக்காகி, பல ஆண்டுகள் அந்த வீடுகள் ஆளில்லாமல் காடேறிக் கிடந்தன. பாவாவின் கட்டடங்களில் கொடி ஏறுவதையும் சுவரில் பாசி படிவதையும் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். நுரைச்சோலையிலும் கொடி ஏறியது. பார்க்க யாரும் வரவில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. அம்பாந்தோட்டை கிரிந்தையில், மீன்பிடிக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்காக ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் சுனாமிக்குப் பிறகு வீடுகள் கட்டினார். அமுக்கிய மண்கற்கள், இறப்பர் மரம், வீட்டின் இரு பகுதிகளுக்கு நடுவே கூரையிட்ட திறந்த முற்றம். வெளியாள் வரும்போது பெண்களுக்கு மறைவு வேண்டும், குசினி தள்ளி இருக்க வேண்டும் என்று ஊரார் சொன்னதைக் கேட்டு வரைபடத்தை மாற்றினார். தகட்டு வீடு கிடைத்த எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேரிடம் யாராவது அப்படிக் கேட்டார்கள்?

லுணுகங்கைக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன், பகல் கட்டணத்தில். என்னோடு வந்த என் வாப்பாவின் தங்கச்சி, தோட்டத்தைவிட அதிகம் பார்த்தது கொழும்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டிய அந்த வீட்டின் கதவு நிலையைத்தான். கையை வைத்துத் தடவிப் பார்த்தா. சாய்ந்தமருதில் கடற்கரைத் தெருவில் மாமியின் சீதன வீடு சுனாமியில் போனபோது மிஞ்சியது ஒரு நிலை மட்டும், முதிரை மரம். ஆறு மாதம் அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே அதையும் வைத்துக்கொண்டிருந்தா. பிறகு கிடைத்த வீட்டின் வாசலுக்கு அது பொருந்தவில்லை, பெரிது. மேசனைக் கூப்பிட்டு, பின்சுவரை உடைத்து, குசினி வாசலில் அதைப் பொருத்தினார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.